விசுவாசத்தால் வரும் மீட்பு: கண்டி நாட்டிலிருந்த ஓர் ஆங்கிலக் கைதியின் வரலாறு

குருணாகலிலிருந்து கண்டிக்கு வரும் நெடுஞ்சாலை தாழ்நிலத்தை விட்டு மலையேறும் வழியில் அமைந்துள்ளது எங்கள் கலகெதர. கண்டி மன்னர் காலத்தில் இத்தகைய மலைவழிகள் முட்கடவைகளாலும் காவலராலும் அடைக்கப்பட்டிருந்தன. அரசன் விடையின்றி அயலார் அவற்றைக் கடத்தல் அரிது. ஆதலால், மதில் இல்லாமலே மலைநாடு முழுவதும் அவர்களுக்கு ஒரு சிறையாயிற்று. அச்சிறையில் 19 ஆண்டுகளுக்கு மேல் இருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலர் எழுதிய நூலை, கண்டி நாட்டின் அரசியலையும் வழக்கங்களையும் அறிதற்பொருட்டே நாம் பெரும்பாலும் படிக்கிறோம். ஆயின், கிறித்தவ சமயத்தின் தலையாய கொள்கையொன்றைத் தொட்டு நிற்கும் சிறு நிகழ்ச்சியும் அந்நூலில் உண்டு. மனிதன் விசுவாசத்தினால் மீட்படைகிறான் என்பதே அக்கொள்கை. அதனை அந்நிகழ்ச்சியின் வாயிலாக ஆராய்வாம்.

‘ஆன்’ என்னும் ஆங்கில வணிகக் கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் பாய்மரம் இழந்து, பழுதுபார்த்தற்பொருட்டுத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரும் அவர் மகனும் உட்பட 16 பேரைச் சிறைப்பிடித்தனர். தந்தை, மகன் இருவர்க்கும் றொபேட் நொக்ஸ் என்பதே பெயர். மகனுக்கு அப்போது வயது 19. இருவரும் குருணாகற் பகுதியிலுள்ள பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்பட்டனர். 1661 பெப்ரவரியில் தந்தை நோயுற்று இறந்தார். தாமும் காய்ச்சலால் மெலிந்திருந்த மகன், கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தித் தந்தையைப் புதைத்தார்.

அதன்பின் ஒருநாள், பசி தீர்க்க மீன்வேண்டி அவர் ஓர் ஓடையிற் றூண்டில் இட்டிருந்தார். பறங்கிப்பேட்டையிலிருந்து அவர் தந்தை கொணர்ந்த பணிச்சிறுவன் உடனிருந்தான். அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், உன் தலைவர் நூல் படிக்க வல்லவரோ என்று அச்சிறுவனை வினவினார். 1656இற் போர்த்துக்கேயர் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தபோது தம் கைக்கு வந்த புத்தகமொன்று தம்மிடம் உண்டு என்றார். கொண்டுவந்து பார்த்தால் அஃது ஆங்கில வேதாகமம்! தம்மிடமிருந்த ஒரே பொற்காசையும் கொடுத்துவிட நொக்ஸ் துணிந்தார். சிறுவன் அதனைத் தடுத்தான். முடிவில் ஒரு பின்னற் குல்லாய்க்கு அந்நூல் கைமாறியது.

நூலைத் திறந்ததும் அவர் கண்ணிற் பட்டது அப்போஸ்தலர் நடபடிகளின் 16ஆம் அதிகாரம். பிலிப்பி நகரச் சிறையிற் பவுலும் சீலாவும் அடைபட்டிருக்கின்றனர். நள்ளிரவில் நிலம் அதிர்ந்து கதவுகள் திறக்கின்றன. கைதிகள் ஓடிவிட்டனர் என்றஞ்சிய சிறைக்காவலன் தற்கொலைக்கு முனைகிறான். பவுல் அவனைத் தடுக்கிறார். தான் மீட்படைய யாது செய்யவேண்டும் என அவன் கேட்க, இயேசுவை விசுவாசித்தலே வழி என்று விடை வருகிறது. அவ்விரவிலேயே அவன் அக்கைதிகளின் காயங்களைக் கழுவுகிறான்; பின் குடும்பத்துடன் ஞானஸ்நானம் பெறுகிறான்.

இங்குக் கருதற்பாலது ஒன்றுண்டு. காவலனிடம் நெடுநாள் நோன்போ காணிக்கையோ கேட்கப்படவில்லை. அவன் வாழ்நாளில் அந்நள்ளிரவே முதற் பொழுது, அதுவே போதியதாயிற்று. இக்கொள்கையைப் பவுல் தம் நிருபங்களில் விரித்தார். 16ஆம் நூற்றாண்டில் விட்டன்பேர்க் பேராசிரியர் மார்ட்டின் லூதர், உரோமர் நிருபத்தைப் பன்முறை ஆய்ந்து, இறைவன்முன் நீதிமானாதல் செயலுக்குக் கூலியன்று, விசுவாசத்தாற் பெறும் கொடை என்று நிறுவினார். கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்துச் சங்கத்தில், அருளே முதல் என்பதை ஏற்று, விசுவாசம் மட்டுமே போதும் என்பதை மறுத்தது. இரு தரத்தாரும் 1999 ஒக்டோபர் 31இல் ஔகுஸ்பேர்க் நகரில் இதன் அடிப்படைகளில் உடன்பாடு கண்டு கூட்டறிக்கையிற் கையொப்பமிட்டனர். நானூற்றைம்பது ஆண்டு வழக்கு பெரிதும் தணிந்தது.

காலந்தாழ்த்தி வருவோர் நிலை யாது? திராட்சைத் தோட்டத்தில் விடியலில் வந்தவர்க்கும் பொழுது சாயும்போது வந்தவர்க்கும் ஒரே கூலி அளித்த தலைவனைப் பற்றி இயேசு உவமை கூறினார். இதனை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம், இது நீதியாகுமா என்று மாணவன் ஒருவனேனும் கேட்பதுண்டு. நல்ல கேள்வியே. கூலி என்று நோக்கின் அநீதி. கொடை என்று நோக்கின் எவர்க்கும் குறைவில்லை. அகஸ்தீன் 387இல், தம் 32ஆம் வயதில், மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார்; அதுவரை கழிந்த காலத்தை நினைந்து பின்னர் வருந்தினார். வைணவராய்ப் பிறந்த திருநெல்வேலிச் சீமைப் புலவர் கிருஷ்ணபிள்ளை 1858இற் கிறித்தவரானார். 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியம் தந்தார். நம் சமயத்தவர்க்கும் இது புதிதன்று. திருநாவுக்கரசர் சமணத்திற் பல்லாண்டு கழித்தபின், தமக்கையார் திலகவதியாரின் தவத்தால் திருவதிகையில் அருள் பெற்றார். கழிந்த நாட்களுக்கு இரங்கினார். இரங்கியதோடு அமையாது உழவாரம் ஏந்தினார்.

அந்த உழவாரத்திலேயே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை உள்ளது. விசுவாசம் ஒன்றே போதுமெனின் நற்செயல் எதற்கு என்னும் வினா பழையது. செயலற்ற விசுவாசம் உயிரற்றது என்று யாக்கோபின் நிருபம் விடை கூறும். லூதரும் நற்செயலை மரத்தின் கனியாகவே கொண்டார்.

நொக்ஸின் பிற்கால வாழ்வு இவ்வினாவை மிகக் கூர்மையாக்குகிறது. அவர் தம் தோழர் ஸ்டீபன் றட்லண்டுடன் அநுராதபுரக் காட்டு வழியே தப்பி, 1679 ஒக்டோபரில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவர் நூல் வெளிவந்தது. ஆனால், 1684இற் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்றலைவராய் மடகாஸ்கருக்குச் சென்றது அடிமைகளை வாங்குதற்காகும்! சிறையின் துயரைத் தம் உடலால் அறிந்தவர், பிறரை விலங்கிடும் வாணிகத்திற் புகுந்தார். அவர் விசுவாசம் பொய்யென்று தீர்ப்புக் கூற நாம் யார்? எனினும் அவர் படித்த அதிகாரத்தின் பிற்பகுதி அவர் வாழ்வில் நிறைவேறவில்லை எனலாம்.

இதனோடு யோன் நியூற்றனை ஒப்பிடுக. 1748இற் கடற்புயலிற் கடவுளை நோக்கித் திரும்பிய அவரும், பின்னும் சில ஆண்டுகள் அடிமைக் கப்பல்களை நடத்தினார். பின்னர்க் குருவானார். 1788இல், தம் 60 வயது கடந்தபின், அவ்வாணிகத்தின் கொடுமைகளைத் தாம் கண்டவாறே எழுதித் தம் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். அவ்வாணிகத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றம் தடைசெய்த 1807ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். விசுவாசம் வந்தது ஒரு புயலில். அது கனிந்தது நாற்பதாண்டின் பின்.

ஆகவே, தாமதமாய் வருதல் என்பது இருவகைப்படும். இறைவனை அறிதலில் தாமதம் ஒன்று. அறிந்தபின் அயலான் துயரை அறிதலில் தாமதம் மற்றொன்று. முன்னதை அருள் பொறுக்கும் என்பதே கிறித்தவ சமயத்தின் நற்செய்தி. பின்னதற்கு விலை கொடுப்பவர் நாமல்லர், பிறர். பிலிப்பிச் சிறைக்காவலன் இரண்டிலும் தாமதியாதவன். விசுவாசித்த இரவே காயம் கழுவினான். சமயம் எதுவாயினும், கற்பாரும் கற்பிப்பாரும் நெஞ்சில் இருத்தத்தக்கது அந்த இரவு.