தொடக்க இடைக்காலப் போலந்தில் ஈமமரபும் கல்லறைப் பொருள்களும்

முன்னுரை

கி.பி. 966இல் போலந்தின் கோமகன் முதலாம் மியெஷ்கோ திருமுழுக்குப் பெற்றார். இதனை எல்லையாகக் கொண்டு, பொருள்கள் உள்ள கல்லறை புறச்சமயத்தாருடையது, பொருளற்றது கிறித்தவருடையது எனப் பகுப்பது எளிது. அகழாய்வுச் சான்றுகள் இப்பகுப்பிற்கு இடந்தருகின்றனவா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எரித்தலும் புதைத்தலும்

திருமுழுக்கிற்கு முன்னர் அந்நிலத்து ஸ்லாவியர் இறந்தோரை எரியூட்டினர். எரிந்த எலும்புகளை ஆழமற்ற குழிகளிலும் நிலத்தின் மேற்பரப்பிலும், சில பகுதிகளில் மண்மேடுகளிலும் இட்டனர். இவற்றுள் பல பிற்கால உழவால் அழிந்தன. 1018இல் மறைந்த மெர்செபுர்க் ஆயர் தீத்மார், மியெஷ்கோ புறச்சமயத்தவராயிருந்த காலத்தில், கணவனின் உடல் எரிக்கப்பட்டபின் மனைவியும் தலை வெட்டப்பட்டு அவனைத் தொடர்ந்தாள் என்கிறார். புறச்சமயத்தாரைப் பற்றி ஆயர் ஒருவர் எழுதியதாதலின், இதனை எச்சரிக்கையோடு கொள்ளல் வேண்டும். எனினும் எரியூட்டல் பற்றிய செய்தி அகழாய்வோடு பொருந்துகின்றது. 10ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் உடலைப் புதைக்கும் வழக்கம் பரவி, வரிசைக் கல்லறைகளைக் கொண்ட இடுகாடுகள் தோன்றின.

கல்லறைப் பொருள்கள்

எரியூட்டல் குறைந்தபோதும் பொருளிடும் வழக்கம் உடன் மறையவில்லை. பெண்டிர் கல்லறைகளில் ஒருமுனை எஸ் வடிவில் சுருண்ட கன்னப்பொறி வளையங்கள், கண்ணாடி மணிகள், மோதிரங்கள் கிடைக்கின்றன. கத்தி இருபாலார் கல்லறைகளிலும் உண்டு. நாணயங்களும் இரும்புப் பட்டையிட்ட மரவாளிகளும் சிலவற்றில் உள்ளன; வாள் அரிது. இவற்றுள் உடலோடு அணியப்பெற்றவை வேறு. அருகில் வைக்கப்பெற்றவை வேறு. வளையமும் இடைக்கச்சைக் கத்தியும் உடையின் பகுதிகளாதலின், அவை மட்டுமே புறச்சமய நம்பிக்கையைக் காட்டா. வாளியோ இறந்தோர்க்கென்றே வைக்கப்பட்டது.

குயாவியாவிலுள்ள போட்சியாவில், நெடுஞ்சாலைப் பணியை முன்னிட்டு 2007 முதல் 2009 வரை அகழாய்வு நடைபெற்றது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சார்ந்த மர அறைக் கல்லறைகள் அங்கு வெளிப்பட்டன. வாளோடு புதைக்கப்பெற்ற ஒருவரின் கச்சையணியில் கீவ் அரசமரபிற்குரிய இருகவர்ச் சின்னம் காணப்படுகின்றது. திருமுழுக்கிற்குப் பிற்பட்ட இவ்விடுகாட்டின் செல்வம் சமயத்தைவிட உயர்நிலையையும் அயலுறவையுமே பேசுகின்றது எனலாம்.

முடிவுரை

1124இல் பொமரேனியாவில் சமயம் பரப்பிய பாம்பெர்க் ஆயர் ஓட்டோ, கிறித்தவரைக் காடுகளிலும் வயல்களிலும் புறச்சமயத்தாரிடையே புதைத்தலையும் கல்லறைமேல் கோல் நடுதலையும் விலக்கினார். விலக்க வேண்டிய அளவிற்கு அவ்வழக்கங்கள் உயிரோடிருந்தன என்பது இதனாற் பெறப்படும். ஆகவே, உடலை எரிப்பதா புதைப்பதா என்பதில் புதுச்சமயம் விரைவில் வென்றது. இறந்தோர்க்கு உற்றார் செய்யும் சிறப்போ தலைமுறைகள் கடந்தே மாறிற்று. கல்லறைப் பொருளைக் கொண்டு மட்டும் ஒருவரின் சமயத்தைத் துணிதல் பொருந்தாது.