முதல் என்ற சொல் கடைசியான கதை

ஆங்கிலத்தில் 'பிரிமிட்டிவ்' என்றொரு பெயரடை உண்டு. 'முதல்' என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தது. தன் வகையில் முதலாவது, வேறொன்றிலிருந்து பெறப்படாதது என்பதே அதன் மூலப்பொருள். இலக்கணத்தில், பிற சொற்கள் பிறக்க இடம்தரும் மூலச்சொல்லுக்கு அது அடை. நம் நன்னூலார் வழியில் ஏறத்தாழப் பகாப்பதம் எனலாம். கணினி மொழிகளில் அடிப்படைத் தரவு வகைகளை இன்றும் அப்படித்தான் அழைக்கின்றனர். தொடக்ககாலத் திருச்சபைக்கு அடையாகும்போது அதில் பெருமிதமே தொனிக்கிறது. மனிதருக்கு அடையாகும்போது மட்டும் அது வசையாகிவிடுகிறது. இந்தச் சறுக்கல் எங்கே நேர்ந்தது என்பதைச் சேர்வராயன் மலையில் நின்று பார்க்க முயல்வோம்.

முதலில் கல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நிலவியலாளர்கள், புதைபடிவங்கள் இல்லாத அடித்தளப் பாறைகளைப் 'பிரிமிட்டிவ்' பாறைகள் என்றனர். பின்னர் அவ்விடத்திற்கு 'ஆர்க்கியன்' என்ற சொல் வந்தது. அதுவும் 'தொடக்கம்' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனது. 1900இல் இப்பாறை வரிசையைப் பற்றி விரிவாக எழுதிய தாமஸ் ஹாலண்ட், அதனை ஆர்க்கியன் காலத்தது என்றே வகுத்தார். அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பாறைக்குப் பழமை ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து, கருவி. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்லியலுக்கு வழிதிறந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவர் மாமனார், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கிலத்தில் தந்த பீட்டர் பெர்சிவல். சேர்வராயன் மலையில் கிடைத்த மெருகேற்றிய கற்கோடரிகளை மலைமக்கள் சிறு கோயில்களில் வைத்து வழிபட்டதை ஃபூட் கண்டார். ஒரே கல் அவருக்குச் சான்று, அவர்களுக்குத் தெய்வம். இரு பார்வைகளிலும் பழமை மதிப்பிற்குரியதாகவே இருந்தது.

மனிதரிடம் வரும்போதுதான் சொல் தடம் மாறுகிறது. எட்வர்ட் டைலரின் 'பிரிமிட்டிவ் கல்ச்சர்' 1871இல் வெளிவந்தது. மனித குலம் படிப்படியாக ஏறி வந்தது என்ற அக்காலக் கொள்கையில், 'முதல்' என்பது 'முதற்படி' ஆயிற்று. முதற்படியில் நிற்பவர் மேலே ஏறாதவர் ஆனார். 1873இல் நீலகிரி மக்களைப் பற்றி பிரீக்ஸ் எழுதிய நூலின் தலைப்பிலேயே இந்த அடை அமர்ந்துவிட்டது.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் (கேரளத்தவர் அல்லர், மலையை ஆள்பவர் என்னும் பொருளில்) தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்றும், உடன்பிறந்தார் மூவரில் பெரியண்ணன் சேர்வராயனுக்கும் மற்றவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் சென்றனர் என்றும் அவர்களிடையே கதை வழங்குகிறது. 1909இல் தர்ஸ்டனும், இவர்கள் தோடரைப் போலத் தொன்மையான இனமென்று உரிமை கோர இயலாது, பிற்காலத்தில் சமவெளியிலிருந்து ஏறியவர்கள் என்று எழுதினார்.

விடுதலை பெற்ற இந்தியாவிலும் அச்சொல் தொடர்ந்தது. 1965இல் லோகூர் குழு, பட்டியல் பழங்குடியினரை அடையாளம் காண ஐந்து அளவுகோல்களைக் கூறியது. அவற்றுள் முதலாவதே 'பிரிமிட்டிவ்' இயல்புகளின் அறிகுறி. மற்றவை தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, வெளியாரோடு பழகத் தயக்கம், பின்தங்கிய நிலை. அச்சொல் எந்தப் பொருளில் அங்கே நிற்கிறது என்பதை ஐந்தாவது அளவுகோலே சொல்லிவிடுகிறது. சேலம் மாவட்ட மலையாளிகளும் இப்பட்டியலில் உள்ளவர்களே. காஞ்சியிலிருந்து வந்தோம் என்று பெருமையுடன் கதை சொல்லும் ஒரு சமூகம், கல்விக்கும் வேலைக்குமான உரிமையை இத்தகைய சொற்களின் நிழலில் பெற வேண்டியிருக்கிறது. 1975 முதல் சில குழுக்களுக்கு மட்டும் தனியே வழங்கிவந்த 'பிரிமிட்டிவ் பழங்குடிக் குழுக்கள்' என்ற பெயரை 2006இல் அரசு மாற்றியது. அளவுகோலிலிருந்து அச்சொல் அகலவில்லை.

தமிழுக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு இருந்தது. குறளின் குடிமை அதிகாரத்தில் 'பழங்குடி' என்பது வறுமையிலும் பண்பு குன்றாத தொன்மையான குடியைக் குறிக்கும் உயர்சொல். அதே சொல்லை நாம் சட்டத்தின் வகைப்பாட்டிற்கு எடுத்துக்கொண்டோம். தெரிந்தோ தெரியாமலோ, ஆங்கிலம் இறக்கி வைத்ததைத் தமிழ் மீண்டும் ஏற்றி வைத்தது.

ஆனால் மொழிபெயர்ப்பில் 'பிரிமிட்டிவ்' எதிர்ப்படும் போதெல்லாம் 'நாகரிகமற்ற' என்று எழுதிவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. பாறைக்குத் 'தொல்', மனிதருக்கு 'அற்ற' என்பது என்ன நியாயம்? மூலநூலில் இழிவு இருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. அது அவ்வாசிரியரின் காலத்துப் பார்வை என்று வாசகருக்குத் தெரியட்டும். இல்லாத இடத்தில் நாமாகச் சேர்க்காதிருப்போம். முதல் என்பது முதல்தான்.