நூறாண்டு பழைய குடியிருப்பு எரிந்துவிட்டால் மீண்டும் எழுப்ப முடியுமா?

தீயை அணைக்கச் சில மணி நேரம் போதும். எரிந்த கட்டடத்தில் மறுபடியும் ஆள் குடியேறப் பல ஆண்டு ஆகலாம்.

புதுக் கட்டடம் என்றால் இடித்துவிட்டு வேறு கட்டலாம். மரபுக் கட்டடத்தை அப்படி லேசில் இடித்துவிட முடியாது. எரிந்தபடியே விட்டுவிடவும் முடியாது. மாடியில் குடும்பங்கள் இருந்திருக்கும், கீழே கடைகள் இருந்திருக்கும். அவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எப்போ திரும்பிப் போகலாம்?

அந்தக் கேள்விக்கு ஏன் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை? கோல்கத்தாவில் நடந்த ஒரு தீச்சம்பவத்திலிருந்து தொடங்கலாம்.

ஸ்டீஃபன் கோர்ட்டில் என்ன நடந்தது?

கோல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது ஸ்டீஃபன் கோர்ட். ஆர்மீனிய வர்த்தகர் அராத்தூன் ஸ்டீஃபன் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய கட்டடம். நகரின் புகழ்பெற்ற கிராண்ட் ஹோட்டலும் அவருடையதுதான். ஸ்டீஃபன் கோர்ட்டின் மேல் மாடிகளில் வீடுகள், அலுவலகங்கள். தரைத்தளத்தில் ஃப்ளூரிஸ் தேநீரகம், பீட்டர் கேட் உணவகம். கோல்கத்தாவாசிகளுக்கு அது வெறும் கட்டடம் இல்லை, நகரத்தின் ஓர் அடையாளம்.

2010 மார்ச் 23ஆம் தேதி பிற்பகலில் அங்குத் தீ மூண்டது. மின்தூக்கிப் பகுதியில் ஏற்பட்ட மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று அப்போது கூறப்பட்டது. 43 பேர் மாண்டனர். புகையிலிருந்து தப்பிக்கச் சிலர் மேல் மாடிகளிலிருந்து குதித்தனர். மொட்டை மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருந்ததால் படிக்கட்டிலேயே சிக்கி இறந்தவர்களும் உண்டு.

பிறகுதான் இன்னொரு விஷயம் பெரிதாகப் பேசப்பட்டது. ஆக மேலே இருந்த இரண்டு மாடிகள் அனுமதியில்லாமல் கட்டப்பட்டவை என்றும், பின்னர் பணம் கட்டி அவை முறைப்படுத்தப்பட்டன என்றும் அதிகாரிகள் கூறினர்.

அதனால், அங்கே கேள்வி "எரிந்ததைத் திரும்பக் கட்டுவது எப்படி" என்பதோடு நிற்கவில்லை. "எதைத் திரும்பக் கட்டுவது?" என்றும் கேட்க வேண்டியிருந்தது.

தீ அணைந்ததும் முதல் வேலை என்ன?

சுத்தம் செய்வது இல்லை. சாயாமல் தாங்கிப் பிடிப்பது.

தளமும் கூரையும் போன பிறகு, உயரமான சுவர்களை இழுத்துப் பிடிக்க எதுவும் இருக்காது. பலமான காற்று அடித்தாலே விழலாம். அதனால் முட்டுக் கொடுப்பார்கள், சாரம் கட்டுவார்கள். தற்காலிகக் கூரை போட்டு மழையைத் தடுப்பார்கள்.

பாரிஸின் நோட்ர டாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15ஆம் தேதி எரிந்தது. ஏற்கெனவே அங்குப் பழுதுபார்ப்புக்காகப் போட்டிருந்த சாரத்தின் சுமார் 40,000 துண்டுகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றை வெட்டி இறக்கி முடிக்க 2020 நவம்பர் வரை பிடித்தது. கட்டடத்தைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. மீண்டும் கதவு திறந்தது 2024 டிசம்பரில்.

எது தப்பியது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கரி படிந்ததெல்லாம் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. பார்க்க நன்றாக இருப்பதெல்லாம் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பொருளும் சூட்டை ஒவ்வொரு விதமாகத் தாங்கும்.

• செங்கல்: சூளையில் வெந்து வந்தது. தீயை ஓரளவு நன்றாகவே தாங்கும். செங்கற்களுக்கு இடையில் உள்ள சாந்துதான் முதலில் உதிரும்.

• கெட்டி மரம்: நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கருகிக்கொண்டு உள்ளே போகும். மேலே படியும் கரியே உள்மரத்துக்குக் கவசம். தடித்த உத்திரத்தின் மேல் கரியைச் சுரண்டினால் உள்ளே உறுதியான மரம் மிஞ்சியிருக்கலாம்.

• எஃகு: எரியாது. ஆனால் சுமார் 600 டிகிரி செல்சியஸில் பாதிக்கு மேல் வலிமையை இழக்கும். சூட்டில் நீளவும் செய்யும். 10 மீட்டர் உத்திரம் 500 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 6 செண்டிமீட்டர் நீளும். சுவரை வெளியே தள்ள அது போதும். அதேசமயம், வளையாமல் ஆறிய எஃகுக்குப் பழைய வலிமை பெரும்பாலும் திரும்பிவிடும்.

• வார்ப்பிரும்பு: பழைய தூண்களிலும் படிக்கட்டுகளிலும் பார்க்கலாம். கொதிக்கும் சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

• கல், கான்கிரீட்: சுமார் 300 டிகிரியில் பல வகைகள் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்தால், சூடு எவ்வளவு ஆழம் போனது என்பது தெரிந்துவிடும்.

தண்ணீரும் எதிரியா?

ஆமாம். பலர் எதிர்பார்க்காத எதிரி.

பிரிட்டனின் விண்ட்சர் கோட்டை 1992 நவம்பர் 20ஆம் தேதி தீப்பிடித்தது. விளக்கின் சூட்டில் ஒரு திரைச்சீலை பற்றிக்கொண்டதுதான் ஆரம்பம். தீ 15 மணி நேரம் நீடித்தது, 115 அறைகள் சேதமடைந்தன. அதை அணைக்க ஏறக்குறைய 7 மில்லியன் லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டது.

அந்தத் தண்ணீர் எங்கே போகும்? சுவருக்குள், மரத்துக்குள், தளத்துக்கு அடியில். தீ எட்டிக்கூடப் பார்க்காத வீடுகளும் இப்படித்தான் நனைந்துபோகும். பழைய செங்கல் சுவர் உலர, ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது கட்டட வல்லுநர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. ஈரம் போவதற்குள் பூசி, சாயம் அடித்து மூடிவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், மரம் உளுத்துப்போகும்.

அவசரத்தில் நடக்கும் இன்னொரு தவறு, சிமெண்ட். அந்தக் காலச் சுவர்களில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அது ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் கெட்டியான சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கடைசியில் செங்கல்தான் பொரிந்து உதிரும். அதனால்தான் மரபுக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள்.

முன்பு இருந்தபடியேதான் கட்டணுமா?

இதில் ஒரே பதில் கிடையாது. விண்ட்சரில் இரண்டும் நடந்தது. சில அறைகளை முன்பு இருந்தபடியே திரும்பக் கொண்டுவந்தார்கள். செயின்ட் ஜார்ஜ் மண்டபத்துக்குப் புது வடிவமைப்பில் ஓக் மரக் கூரை அமைத்தார்கள்.

முன்பு இருந்தபடி கட்ட, முன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். பழைய வரைபடங்கள், புகைப்படங்கள், இடிபாட்டில் கிடைக்கும் ஒரு கைப்பிடித் துண்டு, ஒரு ஓடு எல்லாமே சாட்சி. அதனால் இடிபாடுகளை அள்ளிக் குப்பையில் கொட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் எண் போட்டுச் சேர்த்து வைப்பார்கள்.

ஆனால், குடியிருப்பு என்று வரும்போது கணக்கே வேறு. மின்தூக்கியைச் சுற்றி ஏறும் திறந்த படிக்கட்டு அழகுதான். தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கி. அழகான பழைய மரக்கதவால் சில நிமிடம்கூடத் தீயைத் தடுக்க முடியாமல் போகலாம். எனவே, கண்ணுக்குத் தெரியும் அழகைக் காப்பாற்றி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புதுமையைச் சேர்ப்பதே நல்ல மறுசீரமைப்பு: இரண்டாவது வெளியேறும் வழி, புகை உணர்கருவி, தண்ணீர்த் தெளிப்பான், புதிய மின்கம்பிகள், தீயைத் தாங்கும் கதவுகள்.

ஸ்டீஃபன் கோர்ட் மாதிரியான கட்டடத்தை அப்படியே பழையபடி கட்டினால், பூட்டிய கதவையும் சேர்த்துத்தான் திரும்பக் கட்டுகிறோம்.

யார் பணம் கொடுப்பது?

சுவரைவிடச் சிக்கலான பகுதி இதுதான்.

விண்ட்சர் மறுசீரமைப்புக்கு 36.5 மில்லியன் பவுண்டு செலவானது. தீப்பிடித்துச் சரியாக ஐந்தாம் ஆண்டு நிறைவில் வேலை முடிந்தது. பக்கிங்ஹாம் அரண்மனையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, நுழைவுச்சீட்டு விற்று, செலவில் பெரும்பகுதியைத் திரட்டினார்கள்.

சாதாரண அடுக்குமாடிக்கு எந்த அரண்மனை இருக்கு? அங்கே வீட்டு உரிமையாளர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், கடைக்காரர்கள், காப்புறுதி நிறுவனங்கள் என்று பல தரப்பு. வீடு எரிந்தவருக்கு அவசரம். சேதமே இல்லாதவர் "நான் ஏன் பணம் கொடுக்கணும்?" என்பார். அனுமதியில்லாமல் கட்டிய பகுதி இருந்தால் வழக்கும் சேர்ந்துகொள்ளும். செங்கல் கிடைத்துவிடும், இணக்கம் கிடைப்பதுதான் கஷ்டம்.

இழுபறி நீடிக்க நீடிக்கக் கட்டடம் மழையில் நனைந்துகொண்டே இருக்கும். தீயில் தப்பிய பகுதியும் காத்திருப்பில் கெட்டுப்போகும்.

வேலை நடக்கும்போது ஆபத்து முடிந்துவிட்டதா?

இல்லை. ஸ்காட்லந்தின் கிளாஸ்கோ கலைப்பள்ளிக் கட்டடம் அதற்கு வேதனையான உதாரணம். கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ் வடிவமைத்த அந்தக் கட்டடம் 2014 மே 23ஆம் தேதி எரிந்தது. அதன் புகழ்பெற்ற நூலகம் அழிந்தது. பல ஆண்டு உழைப்பில் மறுசீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 2018 ஜூன் 15ஆம் தேதி இரவு மறுபடியும் தீ. இரண்டாவது தீ முதலாவதைவிட மோசம்.

வேலைத்தளத்தில் பற்றவைப்புக் கருவிகள், மரத்தூள், தற்காலிக மின்இணைப்புகள் எல்லாம் இருக்கும். நிரந்தரத் தீத்தடுப்புச் சாதனங்கள் பெரும்பாலும் கடைசியில்தான் இயங்கத் தொடங்கும். கட்டடம் ஆகப் பலவீனமாக இருக்கும் காலம் அதுதான்.

சிங்கப்பூரில் நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இங்கு 7,000க்கும் அதிகமான கட்டடங்கள் பாதுகாக்கப்பட்டவை. 1989இலேயே பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளும், 1930களில் கட்டத் தொடங்கிய தியோங் பாரு அடுக்குமாடிகளும் அவற்றில் அடங்கும். நகர மறுசீரமைப்பு ஆணையம் பின்பற்றும் கொள்கை எளிமையானது: முடிந்தவரை தக்கவை, பக்குவமாக மீட்டெடு, கவனமாகப் பழுதுபார்.

கடைவீடுகள் ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொள்பவை. பலவற்றில் மரத்தளம். ஒரு வீட்டில் பிடித்த தீ, பக்கத்து வீட்டுக்கும் பிரச்சினை.

நீங்கள் இருப்பது பழைய கடைவீடோ வீவக வீடோ, இந்த மூன்றையும் பார்த்துவைக்கலாம்:

• காப்புறுதி: வீவக தீக்காப்புறுதி கட்டடப் பகுதிகளுக்கும் கழகம் அமைத்துத் தந்தவற்றுக்கும் மட்டுமே. உங்கள் அறைகலன்கள், புதுப்பிப்பு வேலை, சொந்தப் பொருள்கள் அதில் வராது. அதற்கு வீட்டுக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும்.

• வழி: பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாத வழி இருக்க வேண்டும். சைக்கிள், செருப்பு அலமாரி, பழைய மெத்தை எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

• கதவு: உங்கள் கட்டடத்தின் படிக்கட்டுக் கதவு எங்கே திறக்கிறது, பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

சுவரை மறுபடி எழுப்பலாம், கூரையை மறுபடி வேயலாம். ஸ்டீஃபன் கோர்ட் இன்றும் பார்க் ஸ்ட்ரீட்டில் நிற்கிறது, ஃப்ளூரிஸில் இன்றும் கூட்டம். அந்த 43 பேர் மட்டும் திரும்பி வரவில்லை.