கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் வணிக வழக்கறிஞர்கள்

கொல்கத்தாவில் வணிக வழக்கு, அறிவுசார் சொத்து வழக்கு நடத்தும் வழக்கறிஞர் தொழில் ஒரு கட்டடத்தையும் அதையொட்டிய இரண்டு மூன்று தெருக்களையும் சுற்றியே வளர்ந்தது. கட்டடம், கல்கத்தா உயர் நீதிமன்றம். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத் துணி அங்காடியை முன்மாதிரியாக வைத்து வால்டர் கிரான்வில் வரைந்த கோதிக் பாணி மாளிகை அது. 1872இல் கட்டி முடிக்கப்பட்டது. தெருக்கள், ஓல்டு போஸ்ட் ஆபீஸ் ஸ்ட்ரீட்டும் கிரண் சங்கர் ராய் சாலையும். அங்குள்ள பழைய கட்டடங்களில் மாடிக்கு மாடி வழக்கறிஞர் அறைகள்தான். ஊரின் பெயர் 2001இல் கொல்கத்தா என்று மாறியது. நீதிமன்றம் இன்றும் கல்கத்தா உயர் நீதிமன்றமே.

இந்தத் தொழிலைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் நினைப்பது வேறு, உள்ளே நடப்பது வேறு. சாட்சியைக் கூண்டில் ஏற்றி மடக்கும் காட்சி இங்கே அபூர்வம். ஒரு சோப்பின் பெயரோ மருந்தின் பெயரோ களவுபோனதாக வழக்கு வந்தால், பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே அதன் தலையெழுத்து முடிவாகிவிடும். இடைக்காலத் தடை கிடைத்தால் எதிராளி உறையை மாற்றுவார், அல்லது சமரசத்துக்கு வருவார். கிடைக்காவிட்டால் வாதிக்கே வேகம் குறையும். அதனால் ஒரு வணிக வழக்கறிஞரின் திறமை குறுக்கு விசாரணையில் தெரிவதைவிட, பிரமாணப் பத்திரத்தை எழுதும் விதத்திலும் தடை மனு மீது பேசக் கிடைக்கும் சொற்ப நேரத்திலும்தான் தெரிகிறது.

கல்கத்தா உயர் நீதிமன்றம் 1862 ஜூலை 1 அன்று செயல்படத் தொடங்கியது. இந்தியாவின் உயர் நீதிமன்றங்களில் இதுவே மூத்தது. சென்னை, பம்பாய் நீதிமன்றங்களைப் போல இதற்கும் ஒரிஜினல் சைடு உண்டு. மேல்முறையீடுகளை மட்டும் கேட்காமல், நகரின் பெரிய உரிமையியல் வழக்குகளைத் தொடக்கத்திலிருந்தே விசாரிக்கும் பிரிவு அது. நீதிமன்றத்தை அமைத்த அரச சாசனத்தின் 12ஆம் பிரிவு, வழக்கின் காரணத்தில் ஒரு பகுதி நகருக்கு வெளியே நிகழ்ந்திருந்தாலும் நீதிமன்ற அனுமதி பெற்று இங்கே வழக்குத் தொடர வழிவிடுகிறது. அந்த அனுமதியைப் பெறுவதும், எதிர்த்தரப்புக்கு நின்றால் அதை ரத்துசெய்யக் கேட்பதும் ஜூனியர்கள் முதலில் கற்கும் பாடங்கள்.

பழைய நாளில் ஒரிஜினல் சைடில் பாரிஸ்டர் கட்சிக்காரரை நேரடியாகப் பார்த்து வழக்கை வாங்க முடியாது. இடையில் அட்டர்னி இருப்பார். கட்சிக்காரரைச் சந்திப்பதும் ஆவணம் திரட்டுவதும் அவர் வேலை. எழுந்து நின்று பேசுவது பாரிஸ்டர் வேலை. காங்கிரசின் முதல் தலைவரான டபிள்யூ. சி. பானர்ஜி, முதலில் ஓர் அட்டர்னி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, பிறகு இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகி, 1868இல் இந்த நீதிமன்றத்துக்கு வந்தவர். இந்த இரட்டை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒழித்தது. 1977 ஜனவரி 1 முதல் அது சட்டப்படி இல்லை. பழக்கம் போகவில்லை. இன்றும் பெரிய வழக்கு என்றால் ஒரு சொலிசிட்டர் நிறுவனம் ஆவணங்களைக் கட்டித் தர, சீனியர் வாதாடுகிறார். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த தேவி பிரசாத் கேத்தான் 1911இல் இங்கே தொடங்கிய கேத்தான் அண்டு கோ, இன்று நாடெங்கும் அலுவலகங்கள் உள்ள நிறுவனம். பார் அசோசியேஷன், பார் லைப்ரரி கிளப், இன்கார்ப்பரேட்டட் லா சொசைட்டி என மூன்று சங்கங்கள் ஒரே நீதிமன்றத்தில் இருப்பதும் அந்தப் பிரிவினையின் எச்சமே.

அறிவுசார் சொத்துக்கு இந்த ஊரில் இன்னும் பழைய வேர் உண்டு. இந்தியாவில் முதல் காப்புரிமை விண்ணப்பம் 1856இல் கல்கத்தாவில்தான் தாக்கலானது. விண்ணப்பித்தவர் ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்ற பொறியாளர். கண்டுபிடிப்பு, பங்கா இழுக்கும் இயந்திரம். கூரையில் தொங்கும் துணி விசிறியை ஆள் வைத்து இழுத்த காலம் அது. அவருக்குக் காப்புரிமை தந்த சட்டமோ, பிரிட்டிஷ் அரசியின் முன் ஒப்புதல் இல்லாமல் இயற்றப்பட்டது என்பதால் மறு ஆண்டே ரத்தாகி, 1859இல் புதிதாக வந்தது. சட்டம் போய்விட்டாலும் தொழில் நிலைத்தது: டிபென்னிங் பெயரிலான காப்புரிமை நிறுவனம் இன்றும் நடக்கிறது. காப்புரிமை அலுவலகத்தின் தலைமையிடமும் கொல்கத்தாவே.

இந்தத் தொழிலில் நுழைபவருக்கு முதல் சில ஆண்டுகள் மெலிந்தவை. சீனியரின் அறையில் மாலை முதல் இரவு வரை ஆய்வு, பகலில் நீதிமன்றத்தில் வழக்கைக் குறிப்பிட்டுத் தேதி வாங்குவது. வருமானம் வரும் வழிகளில் ஒன்று, நீதிமன்றம் ஸ்பெஷல் ஆபீசராக நியமிப்பது. போலிச் சரக்கு இருப்பதாகச் சொல்லப்படும் கிடங்குக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய், இருப்பதைப் பட்டியலிட்டு, முத்திரை வைத்து, அறிக்கை தர வேண்டும். சட்டப் புத்தகம் சொல்லித்தராத பலவற்றை இளம் வழக்கறிஞர் பூட்டிய கிடங்கின் முன் நின்று கற்றுக்கொள்கிறார். செலவுத் தொகையை இன்றும் சில உத்தரவுகளில் 'ஜி.எம்.' என்ற அளவில் குறிப்பார்கள். கோல்டு மொஹர் என்ற தங்க நாணயத்தின் சுருக்கம் அது. நாணயம் செல்லாமல் போய் நூறாண்டுக்கு மேலாகியும் கணக்கு மட்டும் நிற்கிறது.

பெண்களுக்குக் கதவு தாமதமாகவே திறந்தது. ரெஜினா குஹா பிளீடராகப் பதிவு கேட்ட மனுவை 1916இல் இதே நீதிமன்றம் தள்ளியது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே தடை நீங்கியது. அதே நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்து 1990இல் நீதிபதியான ரூமா பால், 2000இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்போவே தொடுத்த வழக்கில், இணைய முகவரிப் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்ற 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தந்தது அவர் இருந்த அமர்வுதான்.

இடைக்கால மனுவின் வலிமைக்குச் சொட்டு நீல வழக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. கேரளத்தின் எம். பி. ராமச்சந்திரன் தயாரித்த உஜாலா, தமிழ்நாட்டு வீடுகளிலும் துணி துவைக்கும் கல்லருகே இடம்பிடித்த பொருள். அதன் விளம்பரத்தில், வேறொரு நீலத்தின் பாட்டில் வந்தது. பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் பாட்டிலின் வடிவமும் 10 ரூபாய் விலையும் ராபின் நீலத்துக்கே உரியவை என்று ரெக்கிட் அண்டு கோல்மன் கல்கத்தாவுக்கு வந்தது. 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பேட்டில் வெளியான அந்த உத்தரவு, விளம்பரத்துக்குத் தடை விதித்ததோடு ஐந்து விதிகளையும் வகுத்தது. தன் சரக்கே உலகில் சிறந்தது என்று வியாபாரி சொல்லலாம், அது உண்மை இல்லாவிட்டாலும்கூட. மற்றவர் சரக்கைவிட மேல் என்றும் சொல்லலாம். அதற்காக ஒப்பிட்டும் காட்டலாம். ஆனால் மற்றவர் சரக்கு மோசம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் இழப்பீடும் தடையும் கேட்கலாம். ஒப்பீட்டு விளம்பர வழக்குகளில் நாடெங்கும் பல்லாண்டு மேற்கோள் காட்டப்பட்ட வரிகள் இவை. உண்மையில்லாத தற்பெருமைக்கு இவ்வளவு இடம் தரலாமா என்று டெல்லி உயர் நீதிமன்றம் பின்னர் கேள்வி எழுப்பியது. அது நியாயமான கேள்விதான்.

'ஆகுஃப்ளாக்ஸ்' கண் மருந்து வழக்கும் தடை மனுவில் பிறந்து, தடை மனுவிலேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவின் அல்லர்கன் அந்தப் பெயரை 1992இலேயே வெளிநாட்டில் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. இந்தியாவில் மில்மெட் என்ற உள்ளூர் நிறுவனம் முந்திக்கொண்டது. கல்கத்தாவில் தனி நீதிபதி முன் மில்மெட் வென்றது, இரு நீதிபதிகள் அமர்வில் அல்லர்கன் வென்றது. உலகச் சந்தையில் முதலில் வந்தவர் யார் என்பதே கேள்வி என்று 2004இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இந்தியாவுக்கு வரும் எண்ணமே இல்லாத வெளிநாட்டு நிறுவனம் உள்ளூர் நிறுவனத்தின் கழுத்தை நெரிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தது.

கல்கத்தா துறைமுக நகரம் என்பதால் வந்த வழக்கு ஒன்று உண்டு. சிங்கப்பூரிலிருந்து காத்மாண்டுவுக்குப் போக வேண்டிய ஒலிநாடாப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. அவற்றுள் திருட்டுப் பதிவுகள் உண்டென்று கிராமபோன் கம்பெனி பதிப்புரிமைப் பதிவாளரிடம் போனது. அங்கே தாமதமாகவே நீதிமன்றத்துக்கு வந்தது. நேபாளம் கடலில்லாத நாடு, ஒப்பந்தப்படி அதன் சரக்குக்கு வழிவிட வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. இந்தியாவில் விற்காத பொருள் 'இறக்குமதி' ஆகாது என்று இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. 1984இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அதை மாற்றினார்: எல்லைக்குள் கொண்டுவந்தாலே இறக்குமதிதான், போகிற வழியில் நின்றாலும் சரி. பன்னாட்டு ஒப்பந்தம், உள்நாட்டுச் சட்டம், கப்பல் ஆவணம் மூன்றையும் ஒரே வழக்குக்காகப் படிக்க வேண்டியிருக்கும் என்பதே இந்தத் தொழிலின் சுவாரசியம்.

திரைப்படப் பாடலுக்கு இசையமைப்பாளர் தனியாகக் கட்டணம் கேட்க முடியுமா என்ற கேள்வியும் கல்கத்தா வழியாகவே போனது. கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கம் தொடுத்த அந்த வழக்கில் தயாரிப்பாளர் பக்கமே உயர் நீதிமன்றம் நின்றது. 1977இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பு எழுதி, பாடுபவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று சுட்டிக்காட்டினார். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளருக்கு உரிமைத்தொகை பெற வழிசெய்தது. இடையில் 35 ஆண்டுகள்.

தோற்ற வழக்குகளும் இந்தத் தொழிலுக்குப் பாடம் சொல்கின்றன. 'சிம்லா' என்ற பெயரைச் சிகரெட்டுக்குப் பதிவுசெய்ய இம்பீரியல் டுபாக்கோ கேட்டபோது, ஊர்ப்பெயரை ஒருவரே சொந்தமாக்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. டார்ஜிலிங் தேயிலைதான் இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்ற முதல் பொருள், 2004இல். கொல்கத்தாவின் ஐ.டி.சி. சோனார் விடுதியில் 'டார்ஜிலிங் லவுஞ்ச்' என்று ஓர் அறைக்குப் பெயர் வைத்ததைத் தேயிலை வாரியம் 2010இல் எதிர்த்தது. 2019இல் வழக்குத் தள்ளுபடியானது: குறியீடு பொருளுக்கு உரியது, விடுதி அறை பொருள் அல்ல, மேலும் ஐந்தாண்டுக் காலவரம்பும் கடந்துவிட்டது. உரிமை எவ்வளவு பெரிதானாலும் தேதியைக் கவனிக்காதவருக்கு நீதிமன்றம் உதவாது. முதல் சந்திப்பிலேயே கட்சிக்காரரிடம் எப்போது தெரிந்தது என்று வழக்கறிஞர் கேட்பது அதனால்தான்.

முழு விசாரணையை எட்டாமலே முடியும் வழக்குகளுக்கு நடுவே, எமாமி வழக்கு குறிப்பிடத்தக்கது. ஆண்களுக்கான 'ஃபேர் அண்டு ஹேண்ட்சம்' களிம்பை எமாமி 2005இல் கொண்டுவந்தது. 2020இல் இந்துஸ்தான் யூனிலீவர் தன் ஆண்கள் களிம்புக்கு 'க்ளோ அண்டு ஹேண்ட்சம்' என்று பெயர் மாற்றியது. 2024 ஏப்ரல் 9 அன்று நீதிபதி ரவி கிருஷண் கபூர், 'ஹேண்ட்சம்' வருணனைச் சொல்தான் என்பதால் சின்ன மீறல் இல்லை, ஆனால் எமாமியின் நற்பெயரில் சவாரி செய்வது நடக்கிறது என்று கூறி, ஒரு மாதத்துக்குள் அந்தப் பெயரைக் கைவிடச் சொன்னார்.

2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் இந்த உலகின் நடையை மாற்றியது. பதிலுரை தாக்கல் செய்ய அதிகபட்சம் 120 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. அவசர நிவாரணம் கேட்காத வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சு கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசரம் உண்மையா, சமரசத்தைத் தவிர்க்கச் சொன்ன சாக்கா என்பதே இன்று முதல் நாள் வாதமாகிவிடுகிறது. தேதி வாங்கியே காலம் தள்ளிய பழைய பாணிக்கு இதில் இடமில்லை. இது நல்ல மாற்றம்.

பெருந்தொழில் வழக்குகளில் பணம் நீதிமன்றத்தைவிட நடுவர் மன்றத்தில் அதிகம் புரள்கிறது. சிங்கூரில் கைவிடப்பட்ட கார் ஆலை விவகாரத்தில் மேற்கு வங்கத் தொழில் வளர்ச்சிக் கழகம் டாடா மோட்டார்ஸுக்கு 765.78 கோடி ரூபாயும் வட்டியும் தர வேண்டும் என்று 2023 அக்டோபர் 30 அன்று மூன்று நடுவர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

அறிவுசார் சொத்து வழக்குகளின் எண்ணிக்கையில் டெல்லி எப்போதோ முந்திவிட்டது. ஐ.டி.சி., பிரிட்டானியா இரண்டின் பதிவு அலுவலகமும் கொல்கத்தாவில்தான். ஆனாலும் மஞ்சளும் நீலமும் கலந்த பிஸ்கட் உறைக்காக இருவரும் 2016-17இல் மோதியது டெல்லி உயர் நீதிமன்றத்தில். கொல்கத்தாவின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. உயிருள்ள நுண்ணுயிர் கலந்த தடுப்பூசி தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை மறுத்த அலுவலகத்தின் முடிவை, டிமினாகோ வழக்கில் 2002இல் ரத்துசெய்தது இந்த நீதிமன்றம்தான். பின்னர் அத்தகைய மேல்முறையீடுகள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போயின. 2021இல் வாரியம் கலைக்கப்பட்டதும் அவை உயர் நீதிமன்றங்களுக்குத் திரும்பின. அவற்றுக்கென்று தனிப் பிரிவும் 2023ஆம் ஆண்டு விதிகளும் இன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் உள்ளன.