கேம் பெட்டியும் எடிட் மேசையும்: ஒரு 40 வருடக் கதை

“கேமும் விளையாட வேணும், காசுக்கு வீடியோவும் எடிட் பண்ண வேணும். ஒரு பிசிதான் வாங்கலாம். எதை எடுக்கிறது?”

எங்கட வட்டத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்கள் கலியாண வீடியோ வெட்டிக் கொடுப்பவர்கள், குறும்படம் எடுப்பவர்கள், யூடியூப் நடத்துபவர்கள். பதில் சொல்பவர்கள் உடனே ஒரு பட்டியல் போடுவார்கள்: இந்தக் கார்ட், அந்தப் புரொசெசர், இவ்வளவு ரேம். ஆறு மாதம் போனால் அந்தப் பட்டியல் பழசு. அதனால் நாங்கள் இங்கே வேறு வழியால் போகிறோம். கேமுக்கான கணினி, வேலைக்கான கணினி என்ற பிரிவு எங்கிருந்து வந்தது? அதில் தொழில்நுட்பம் எவ்வளவு, விலைச்சீட்டு எவ்வளவு? இது விளங்கினால் கடையில் நின்று என்ன கேட்க வேணும் என்பதும் விளங்கிவிடும்.

ஒரே சிப், இரண்டு பெட்டி

கதையை 1985இல் தொடங்கலாம். அந்த வருடம் கொமடோர் கொம்பனி அமீகா என்ற கணினியை வெளியிட்டது. அதன் சிப்புகளை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜே மைனர். அடாரி 2600 என்ற புகழ்பெற்ற கேம் பெட்டியின் சிப்பிலும் அவருடைய கை உண்டு. அமீகாவும் முதலில் கேம் இயந்திரமாகத்தான் யோசிக்கப்பட்டது.

கேம் இயந்திரம் என்றால் அந்தக் காலத்தில் வீட்டு டிவியில் பூட்டுவது. ஆகவே அமீகாவின் சிப்புகளுடைய கடிகாரத்தை டிவி சிக்னலின் வேகத்தோடு ஒத்துப்போகும்படி அமைத்தார்கள். விளையாட்டுக்காகச் செய்த இந்த ஏற்பாடு வீடியோக்காரர்களுக்கு வரமாகிவிட்டது. கமராவிலிருந்து வரும் படத்தின் மேல் எழுத்தையும் வரைகலையையும் பிசிறில்லாமல் ஏற்றுவதற்கு வேண்டியதும் அதே ஒத்திசைவுதான்.

1987இல் கொமடோர் இரண்டு மொடல்களை விட்டது. அமீகா 500 விலை குறைந்தது. ஐரோப்பாவில் ஒரு தலைமுறையே அதில் கேம் விளையாடி வளர்ந்தது. அமீகா 2000 பெரிய பெட்டி. உள்ளே கார்டுகள் பூட்ட இடமிருந்தது. இரண்டிலும் இருந்தது ஒரே சிப் குடும்பம். 1990இல் அமெரிக்காவின் நியூடெக் கொம்பனி அந்தப் பெரிய பெட்டிக்குள் பூட்டும் வீடியோ டோஸ்டர் என்ற கார்டை வெளியிட்டது. காட்சி மாற்றுவது, தலைப்புப் போடுவது, விசேட காட்சிகள் செய்வது என்று பெரிய ஸ்டூடியோக்கள் பல்லாயிரம் டொலர் கொடுத்துச் செய்த வேலையைச் சில ஆயிரம் டொலருக்குள் அது கொண்டுவந்தது. 1993இல் வந்த பாபிலோன் 5 தொடரின் முன்னோட்டப் படத்தில் விண்வெளிக் காட்சிகளை உருவாக்கியது அமீகாவும் டோஸ்டரும் சேர்ந்த கூட்டணிதான்.

எங்கட பக்கத்துக்கு அந்த வரம் வந்து சேரவில்லை. டோஸ்டர் அமெரிக்காவின் என்டிஎஸ்சி டிவி முறைக்கு மட்டுமே செய்யப்பட்டது. இலங்கை, இந்தியா, ஐரோப்பாவின் பெரும்பகுதி எல்லாம் பால் முறை. பால் முறைக்கான டோஸ்டர் வரவேயில்லை. கொமடோரும் 1994இல் வங்குரோத்தாகிவிட்டது.

உண்மையாகவே பிரிந்திருந்த காலம்

வெட்டி ஒட்டும் எடிட்டிங் வேலை அதே காலத்தில் இன்னொரு பாதையில் போனது. 1989இல் அவிட் கொம்பனியின் மீடியா கொம்போசர், அப்பிள் மாக்கின்டொஷ் கணினியில் வந்தது. வீடியோவை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, நாடாவை முன்னும் பின்னும் சுற்றாமலே வெட்டலாம் என்பதை அது காட்டியது. ஆனால் அன்றைய டிஸ்குகளில் முழுத்தரப் படத்தை வைக்க இடமில்லை. ஆகவே தரம் குறைந்த பிரதியில் எடிட் செய்து, கடைசியில் மூல நாடாவிலிருந்து இறுதிப் படத்தைச் செய்தார்கள். இந்த உத்தியை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1996இல் கேம் உலகத்துக்கு 3டிஎஃப்எக்ஸ் கொம்பனியின் வூடூ கார்ட் வந்தது. முப்பரிமாண விளையாட்டைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. சாதாரணத் திரையைக் காட்டவே இன்னொரு கார்ட் வேணும். எடிட்டிங் உலகத்துக்கு 1995இல் டிவி என்ற டிஜிட்டல் நாடா வடிவமும், கமராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிளும் வந்தன. அந்த வடிவத்தில் ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ 13 ஜிபி. அன்றைய வீட்டுக் கணினிகள் பலவற்றின் டிஸ்கில் அது முழுதாக அடங்காது.

அந்தக் காலத்தில் எடிட்டருக்கு வேண்டியவை பெரிய டிஸ்க், வேகமான புரொசெசர், வீடியோவை உள்ளே எடுக்கும் கார்ட். கேமருக்கு வேண்டியது முப்பரிமாணக் கார்ட். ஒன்றுக்குக் கொடுத்த காசு மற்றதுக்கு உதவாது. “கேம் கார்ட் எடிட்டிங்குக்கு உதவாது” என்று பழைய ஆக்கள் இன்றைக்கும் சொல்வது இந்தக் காலத்து உண்மை. அன்றைக்கு அது சரிதான்.

ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்

நிலைமையை மாற்றியது 2006இல் வந்த என்விடியாவின் 8800 வரிசைக் கார்ட்களும், அவற்றோடு அறிமுகமான கூடா என்ற நிரல் முறையும். கேமில் இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் நிறம் கணக்குப் போடும் சிப்பிடம் வேறு கணக்குகளையும் கொடுக்கலாம் என்றானது. வீடியோவும் புள்ளிகளின் கூட்டம்தானே. நிறம் திருத்துவது, அளவு மாற்றுவது, ஒரு படத்தை இன்னொன்றில் கரைப்பது எல்லாம் அந்தச் சிப்புக்குப் பழகின வேலை.

2010இல் அடோபியின் பிரீமியர் புரோ சிஎஸ்5 இதைப் பயன்படுத்தியது. நிறுத்தி நிறுத்தி ஓடிய காட்சிகள் தடையில்லாமல் ஓடின. ஆனால் கதவில் காவல் இருந்தது. தொடக்கத்தில் அடோபி அனுமதித்த கார்ட்கள் ஒரு சில. அவற்றில் பெரும்பாலானவை தொழிலுக்கென்று விற்கப்பட்ட, விலை பல மடங்கான குவாட்ரோ கார்ட்கள். கேம் கார்ட் என்று பார்த்தால் ஜிடிஎக்ஸ் 285 ஒன்றுதான்.

அந்தக் காவல் எங்கே இருந்தது தெரியுமா? பிரீமியர் நிறுவிய ஃபோல்டருக்குள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில். கார்ட்களின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அதைத் திறந்து தன்னுடைய கேம் கார்டின் பெயரை ஒரு வரியாகச் சேர்த்துச் சேமித்தால், கார்டில் போதிய நினைவகம் இருந்தால், வேலை செய்தது! எடிட்டர்கள் இந்த வழியை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு வந்த பதிப்புகளில் அடோபியே அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

நியாயமாகச் சொன்னால், குவாட்ரோவுக்குக் கொடுத்த காசு முழுதும் வீண் இல்லை. கூடிய நினைவகம், தொழில் சொஃப்ட்வெயார்களோடு பரிசோதித்த டிரைவர், நுணுக்கமான நிறம் காட்டும் வசதி எல்லாம் அதில் இருந்தன. பெரிய ஸ்டூடியோவுக்கு அவை தேவை. ஆனால் சின்ன அறையில் இருந்து கலியாண வீடியோ வெட்டுகிற ஒருவருக்கு அந்தக் காசைக் கொடுக்க வேண்டிய தேவை இருந்ததா என்பதுதான் கேள்வி. டெக்ஸ்ட் ஃபைலில் எழுதப்பட்ட அந்த ஒரு வரி அதற்குப் பதில் சொன்னது.

அடுத்த பத்து வருடத்தில் மிச்சச் சுவர்களும் விழுந்தன. இலட்சக்கணக்கான டொலருக்கு விற்கப்பட்ட டாவின்சி நிறத்திருத்தக் கருவியை 2009இல் பிளாக்மாஜிக் கொம்பனி வாங்கியது. 2010இல் அதை 995 டொலர் சொஃப்ட்வெயாராக விட்டது. 2011இல் இலவசப் பதிப்பும் வந்தது. அந்த ரிசோல்வ் பெரிதும் தங்கியிருப்பது கிராஃபிக்ஸ் கார்டில். 2017இல் ஏஎம்டியின் ரைசன் புரொசெசர் 8 கோர்களை 499 டொலருக்குத் தந்தது. இன்டெல்லிடம் 8 கோர் என்றால் அப்போது 1,000 டொலருக்கு மேல். கேமர்கள் விளையாடுவதைப் பதிவு செய்யவும் நேரலையில் காட்டவும் என்று 2012இலிருந்து என்விடியா தன் கார்டுகளுக்குள் வைத்த வீடியோ சுருக்கும் பகுதியை, 2020இல் பிரீமியரும் ஏற்றுமதிக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. கேமருக்காகச் செய்தது மறுபடியும் எடிட்டருக்கு வந்து சேர்ந்தது.

இன்றைக்கு எங்கே பிரிகிறது?

அப்படியென்றால் கேமிங் பிசி எதை எடுத்தாலும் எடிட்டிங் செய்யலாமா? செய்யலாம், ஆனால் சில இடங்களில் இரண்டும் இன்னும் பிரிகின்றன. கடைக்காரர் கேமரை மனதில் வைத்துப் பேசுவதால் அவை பெரும்பாலும் பேச்சில் வருவதில்லை.

முதலாவது, கார்டின் நினைவகம். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி நினைவகத்தோடு வந்தது. அதைவிட விலை கூடிய 3060 டிஐ கார்டில் 8 ஜிபிதான். கேமில் டிஐ வேகமானது. ஆனால் ரிசோல்வில் 4கே காட்சிக்கு மேல் இரைச்சல் நீக்கம் போன்ற பாரமான வேலைகளை அடுக்கும்போது, நினைவகம் நிரம்பினால் வேகமான சிப்பும் கையை விரித்துவிடும். இரண்டு வேலையும் செய்பவர் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நினைவகத்தை எடுப்பது நல்லது.

இரண்டாவது, புரொசெசரின் பெயரில் கடைசி எழுத்து. இன்டெல் புரொசெசர்களில் ‘எஃப்’ என்று முடிபவற்றில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை. விலை கொஞ்சம் குறைவு. தனிக் கார்ட் வைத்திருக்கும் கேமருக்கு நட்டமில்லை. எடிட்டருக்கு நட்டம் உண்டு. வீடியோவை விரித்துக் காட்டும் குவிக் சிங்க் என்ற பகுதி அந்த உள்ளமைந்த கிராஃபிக்ஸோடு சேர்ந்தே போய்விடுகிறது. புதிய கமராக்கள் பல 10 பிட் 4:2:2 என்ற நிற வடிவத்தில் பதிவு செய்கின்றன. அந்த எச்இவிசி ஃபைல்களை இன்டெல்லின் 11ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசெசர்களின் குவிக் சிங்க் இலகுவாக ஓட்டியது. என்விடியாவின் கேம் கார்டுகளுக்கு அந்தத் திறன் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கிடைத்தது. “இவ்வளவு காசு கொடுத்த பிசியில் ஏன் வீடியோ இழுபடுது?” என்ற கேள்விக்குக் கனநேரம் இதுதான் பதில். பிசி வாங்க முதல் உங்கட கமரா எந்த வடிவத்தில் பதிவு செய்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, மொனிட்டர். கேமருக்கு ஒரு செக்கனில் 144 தடவை புதுப்பிக்கும் திரை வேணும். எடிட்டருக்கு நிறத்தைச் சரியாகக் காட்டும் திரை வேணும். இரண்டும் சேர்ந்த ஐபிஎஸ் திரைகள் இப்போது உண்டு. எஸ்ஆர்ஜிபி நிற அளவை எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டு வாங்க வேணும். மணப்பெண்ணின் கூறைச் சேலை அரக்கா சிவப்பா என்று குழம்பினால் வாடிக்கையாளர் உங்கட கார்டின் பெயரைக் கேட்கப் போவதில்லை.

லப்டொப் என்றால் இன்னொரு கவனம். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை லப்டொப் கார்டுகள் உண்டு. பெயர் ஒன்று, வேகம் வேறு. வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

மிச்சம் எல்லாம் வழமையானது: 32 ஜிபி ரேம், விண்டோஸுக்கு ஒரு எஸ்எஸ்டி, வீடியோக்களுக்கு இன்னொன்று, முடிந்த வேலைகளைப் பிரதியெடுத்து வைக்க வெளியே ஒரு டிஸ்க்.

எங்கட கணக்கு

இந்த விலைகள் எல்லாம் டொலரில் எழுதப்பட்டவை. நாங்கள் கொடுப்பது ரூபாவில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அமெரிக்காவில் விலை மாறாத கார்ட் எங்களுக்கு இரண்டு மாதத்தில் முக்கால் பங்கால் விலை கூடியது. அதே வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. டெஸ்க்டொப் வைத்திருந்தவர்கள் கரண்ட் வரும் நேரம் பார்த்துத்தான் ஏற்றுமதி போட முடிந்தது. ஆகவே இங்கே பிசிக்கான பட்ஜெட்டில் ஒரு நல்ல யூபிஎஸ்ஸுக்கும் இடம் வைக்க வேணும். கார்டை ஒரு படி குறைத்தாலும் பரவாயில்லை. டெஸ்க்டொப்பில் காசு வரும்போது ஒவ்வொரு பாகமாக மாற்றலாம். லப்டொப்பில் அது பெரும்பாலும் நடக்காது.

காசு இன்னும் சேராதவர்களுக்கு 1989இன் உத்தி இருக்கிறது. தரம் குறைந்த பிரதியில் வெட்டி, கடைசியில் மூலப் படத்தோடு இணைப்பது. இன்றைக்கு அதற்குப் பெயர் புரொக்சி. பிரீமியரிலும் உண்டு, ரிசோல்வின் இலவசப் பதிப்பிலும் உண்டு. அதை உருவாக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். விடிய எழும்பினால் நாலைந்து வருடப் பழைய கேமிங் பிசியிலும் 4கே கலியாண வீடியோவை இழுபடாமல் வெட்டலாம். அந்த வீடியோவுக்கு வரும் காசில் அடுத்த கார்டை வாங்குங்கள்.