35 வயது வரை ஒரே சட்டை: கோப்பா, எம்பாப்பே, ஒரு மொட்டைமாடிச் சண்டை

2022 டிசம்பர் 18 ராத்திரி. உலகக் கோப்பை ஃபைனல். மிஷன் வீதிக்குப் பின்னாடி ஒரு சந்தில், உறவுக்காரர் வீட்டு மொட்டைமாடியில வேட்டியைக் கட்டித் திரையாக்கி, முப்பது பேர் உட்கார்ந்து பார்த்தோம். எம்பாப்பே மூணு கோல் போட்டும் பெனால்டியில பிரான்ஸ் தோத்துப்போச்சு. புதுச்சேரியில இந்த மாதிரி ராத்திரியில பாதி வீடு துக்க வீடு மாதிரி இருக்கும், மீதிப் பாதி மெஸ்ஸிக்காக வெடி வெடிக்கும். ஆட்டம் முடிஞ்ச பிறகுதான் நம்ம ஊர்ல உண்மையான ஆட்டம் ஆரம்பிக்கும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

என் ஒன்றுவிட்ட மாமா ஒருவர். எழுபது வயது. அவர் அப்பா, நாங்கள் சின்ன தாத்தா என்று கூப்பிடுபவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. மாமா ஆரம்பித்தார்: "கோப்பா மாதிரி ஒருத்தன் இனிமே பொறக்கணும்டா. அவங்கல்லாம் காசுக்கா ஆடினாங்க?"

தம்பி ஒருவன் விடவில்லை. "கோப்பா காலத்துல டிஃபெண்டருக்கு ஓடவே தெரியாது மாமா. ஃபைனல்ல மூணு கோல் போட்டவனோட அவரைச் சேர்க்காதீங்க." நடுவில் ஒருவர் பிளாட்டினி என்றார், இன்னொருவர் ஜிடான் என்றார். கிரிக்கெட் கோஷ்டி வேறு உள்ளே புகுந்து, 1983ல் கபில் டீமுக்குக் கொடுக்க போர்டில் காசில்லாமல் டெல்லியில் லதா மங்கேஷ்கர் கச்சேரி வைத்து ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்த கதையைச் சொன்னது. "பார்த்தியா, காசில்லாமலே ஜெயிச்சாங்க" என்றார் மாமா.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர், மாமாவோடு ஒரே பள்ளியில் படித்தவர், நிதானமாகக் கேட்டார்: "காசைப் பத்தி நீ பேசுற பாரு. உங்கப்பா நேஷனாலிட்டி வாங்கினதே பென்ஷனுக்குத்தானே?"

மாமா எழுந்து கீழே இறங்கிப் போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை.

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கு அந்த வாக்கியம்தான் காரணம். முதலில் கோப்பாவைப் பார்த்துவிடுவோம்.

ரேமோன் கோப்பா 1931ல் வடக்கு பிரான்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், உண்மையான பெயர் கோபாஷெவ்ஸ்கி. பையனாக இருக்கும்போதே சுரங்கத்தில் இறங்கி, விபத்தில் இடது கை விரலைப் பறிகொடுத்தவர். ஆட்டத்தை நடத்துகிறவன் என்பார்களே, அந்த இடம் அவருடையது. பந்து யாரிடம் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர். 1958ல் சுவீடனில் ஜுஸ்த் ஃபோன்தேன் 13 கோல் போட்டார், இன்றுவரை ஒரே உலகக் கோப்பையில் யாரும் அதைத் தாண்டவில்லை. அந்தக் கோல்களுக்கு வழி போட்டுக் கொடுத்ததில் பெரும்பங்கு கோப்பாவுக்கு. அந்த வருஷம் பாலோன் தோர் விருதும் அவருக்கே.

தம்பி சொன்ன "ஓடத் தெரியாது" வாதத்துக்கு அதே 1958 அரையிறுதியைச் சொல்லலாம். பிரேசிலோடு 1-1 என்று இருந்தபோது பிரான்ஸின் நடுத்தடுப்பு ரோபேர் ழோன்கேவுக்குக் கால் உடைந்தது. அப்போது மாற்று ஆட்டக்காரரை இறக்க விதியே கிடையாது. பத்துப் பேரை வைத்துக்கொண்டு மீதி நேரம் ஆடி 5-2 என்று தோற்றார்கள். பதினேழு வயது பெலே மூன்று கோல் போட்டார். 2022 ஃபைனலில் பிரான்ஸ் பயிற்சியாளர் முதல் பாதி முடிவதற்குள்ளேயே இரண்டு பேரை மாற்றிவிட்டார். இந்த இரண்டு ஆட்டத்தையும் ஒரே தராசில் எப்படி வைப்பது? எனக்கு வைக்கத் தெரியவில்லை, வைக்கிறவர்களை நம்பவும் மாட்டேன்.

காசுக்கு வருவோம். 1956ல் கோப்பா ரேன்ஸ் கிளப்பிலிருந்து ரியால் மாட்ரிட் போனபோது கைமாறிய தொகை 5 கோடியே 20 லட்சம் ஃபிராங்க். கேட்டால் பிரமாண்டம். ஆனால் அது பழைய ஃபிராங்க். 1960ல் 100 பழைய ஃபிராங்கை 1 புது ஃபிராங்க் ஆக்கினார்கள். அப்படிக் கணக்குப் போட்டு யூரோவுக்குக் கொண்டுவந்தால், விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமல், எண்பதாயிரம் யூரோவைக்கூடத் தொடாது. 2001ல் ஜிடான் அதே மாட்ரிட் போனது சுமார் 77 மில்லியன் யூரோவுக்கு. 2017ல் நெய்மார் பாரிஸுக்கு வந்தது 222 மில்லியனுக்கு. இன்னொன்றும் கவனிக்கணும்: இதெல்லாம் கிளப்புக்கும் கிளப்புக்கும் நடுவே போகிற பணம். நம்ம ஆட்கள் சண்டையில் இதையும் சம்பளத்தையும் எப்போதும் போட்டுக் குழப்புவார்கள்.

உண்மையான விஷயம் தொகையில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. பிரான்ஸில் 1932ல் தொழில்முறைக் கால்பந்து வந்தது. அதன் பிறகு ஒரு ஆட்டக்காரன் கையெழுத்துப் போட்டால் 35 வயதுவரை அந்தக் கிளப்புக்குச் சொந்தம். கிளப் விற்கலாம், வைத்திருக்கலாம். அவனாகப் போக முடியாது. 35க்குப் பிறகு எந்தக் கிளப் அவனைக் கேட்கும்? கோப்பா 1963 ஜூலையில் ஒரு பத்திரிகையில் இதைப் போட்டு உடைத்தார்: ஆட்டக்காரர்கள் அடிமைகள் என்றார். சம்மேளனம் அவருக்கு ஆறு மாதத் தடை என்று தீர்ப்புச் சொல்லி, அதை நிறுத்தியும் வைத்தது. நாட்டின் பெரிய ஆட்டக்காரனை நிஜமாகவே உட்கார வைக்கத் துணிச்சல் இல்லை போலிருக்கிறது.

ஆக, மாமா சொன்ன "காசுக்கா ஆடினாங்க" என்பதற்குப் பதில்: ஆமாம், காசுக்கும்தான் ஆடினார்கள். கேட்க முடியாத இடத்தில் கட்டிப்போடப்பட்டிருந்தார்கள். நாம் அதைப் பற்று என்று படித்துக்கொள்கிறோம்.

ஆட்டக்காரர் சங்கம் 1961 நவம்பரில் உருவானது. ஃபோன்தேனோடு சேர்ந்து அதைத் தொடங்கியவர் கேமரூன்காரரான எழேன் ன்ஜோ லேயா, சட்டம் படித்தவர். காலனியிலிருந்து வந்த ஒருவருக்குத்தான் இந்தக் கட்டு முதலில் கண்ணில் பட்டது என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 35 வயது ஒப்பந்தம் 1969ல் போனது. கிளப்புகள் பின்வாங்கப் பார்த்தபோது 1972ல் வேலைநிறுத்தம், 1973ல் சாசனம். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த போஸ்மான் தீர்ப்பு இல்லாவிட்டால், ஒப்பந்தம் முடிந்ததும் 2024ல் எம்பாப்பே மாட்ரிட்டுக்கு இலவசமாகப் போயிருக்க முடியாது.

ன்ஜோ லேயாவோடு சேன்தெத்தியேனில் ஆடிய ரஷீத் மெக்லூஃபியையும் சொல்லியாக வேண்டும். அல்ஜீரியர். 1958 ஏப்ரலில், உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம் முன்பு, பிரான்ஸ் அணிக்கு ஆடக்கூடிய நிலையில் இருந்த அவரும் முஸ்தஃபா ஸிதூனியும் இன்னும் சிலரும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, விடுதலை இயக்கத்தின் அணியில் போய்ச் சேர்ந்தார்கள். அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகு மெக்லூஃபி சேன்தெத்தியேனுக்கே திரும்பி வந்தும் ஆடினார். அவரைக் காசுக்கு வந்தவர் என்பதா, நாட்டுக்குப் போனவர் என்பதா?

இப்போது எங்கள் மாடிக்குத் திரும்பலாம். புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1ல் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுசாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16ல். அந்த ஒப்பந்தப்படி இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றைக்கே இந்தியர் ஆகிவிடுவார்கள். வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் சொல்தாக்கள், அவர்களின் குடும்பங்கள்.

எங்கள் சின்ன தாத்தா இந்தோசீனப் போரில் இருந்தவர். ஒரு முகாமில் ரேடியோவில் அந்த 1958 ஆட்டங்களைக் கேட்டதாகச் சொல்வார். 1960ல் ஓய்வு பெற்று ஊர் வந்தவர். அதற்குச் சற்று முன், 1959 டிசம்பரில், பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டிருந்தது: பழைய காலனி நாடுகளின் குடிமக்களாகிவிட்ட சிப்பாய்களுக்கு ராணுவ பென்ஷன் அன்றைய அளவிலேயே உறைந்து நிற்கும். ஒரே பள்ளத்தில் ஒன்றாகப் படுத்துச் சுட்டவர்களில், ஒருவனுக்கு வருஷா வருஷம் ஏறும், மற்றவனுக்கு நின்றுவிடும். 2006ல் ஒரு படம் வந்து பிரான்ஸில் பெரிய பேச்சான பிறகுதான் இதைச் சரிசெய்வதில் பெரிய அடி எடுத்து வைத்தார்கள்.

தாத்தா இதைக் கணக்குப் போட்டுத்தான் கையெழுத்திட்டாரா என்று அவரை நான் கேட்டதில்லை. போட்டிருந்தால் என்ன தப்பு என்றுதான் இப்போது கேட்கத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரின் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அவர் விடுதலைப் போராட்டத்தில் அடி வாங்கிய மனுஷன், அவருக்கு அது கேவலமாகப்பட்டது. அதுவும் எனக்குப் புரிகிறது. ஆனால் அறுபது வருஷம் கழித்தும் அந்த ஆறு மாதம் இந்தத் தெருவில் முடியவில்லை.

போன மாதம் மாமாவிடம் கோப்பாவின் 1963 பேட்டியைச் சொன்னேன். நம்பவில்லை. "கோப்பாவா? அடிமைன்னா சொன்னான்?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "எந்த மாசம்?"

"ஜூலை மாமா."

உள்ளே போய் ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தார். தாத்தாவின் விருப்பப் பத்திரத்தின் நகல், 1963 ஜனவரி. சாயம் போன முத்திரை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

"இதை அவன்கிட்ட சொல்லாதே" என்றார், பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டி. "கோப்பா சொன்னதை வேணா சொல்லு."

சொன்னேன். பெரியவர் கேட்டுவிட்டு, "அப்ப பிளாட்டினிதான் பெரிய ஆளு" என்றார். என்ன தர்க்கம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் திண்ணையில் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.