ஆர்குளோன் பதுக்ககம்

ஆர்குளோன் பதுக்ககம் என்பது, மேகச் சேமிப்பை உள்ளூர்க் கோப்புறை போல இணைத்துக் காட்டும் ஆர்குளோன் எனும் திறமூல மென்பொருள், படித்த தரவைத் தற்காலிகமாக வன்தட்டில் இருத்தி வைக்கும் இடமாகும். வீட்டு ஊடக வழங்கியில் திரைப்படம் தடையின்றி ஓட இது உதவுகிறது.

இதற்கு நான்கு நிலைகள் உண்டு. முன்னிருப்பாக இது அணைந்தே இருக்கும். 'ஃபுல்' நிலையில் மட்டுமே, படிப்பதற்கெனத் திறக்கப்படும் கோப்பும் பதுக்கப்படும்; அதிலும் படித்த பகுதிகளே வன்தட்டில் சேரும். ஆகவே படத்தைப் பின்னோக்கி நகர்த்தினால் மீண்டும் பதிவிறக்கம் நிகழாது. எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த வட்டு இதற்கு ஏற்றதன்று; வெற்றிடமுள்ள கோப்புகளை அது ஆதரிக்காததால் வேகம் மிகவும் குன்றும்.

பயன்படுத்தாத தரவு, முன்னிருப்பாக, 1 மணி நேரத்தில் நீக்கப்படும். பாதியில் நிறுத்திய படத்தை மறுநாள் தொடர்வோர் இதனை 24 மணிக்கும் மேலாக உயர்த்தலாம். அளவு வரம்போ கறாரானதன்று: 1 நிமிடத்திற்கு ஒருமுறையே சரிபார்க்கப்படும், திறந்துள்ள கோப்புகள் நீக்கப்படா. வட்டின் முழுக் கொள்ளளவையும் வரம்பாகக் கொடுத்தால் வட்டு நிரம்பிவிடக்கூடும்.